சூடானால் நிற்கும் புல்லட்: மூன்று மாதம் அலையவைத்த ஒரு பழுது

காலையில் இரண்டாவது உதையில் கிளம்பும். இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் வரை எந்தக் குறையும் இராது. அதன் பிறகு ஒரு திக்கல், இன்னொரு திக்கல், சைலன்சரில் ஒரு வெடிச் சத்தம், அவ்வளவுதான், நின்றுவிடும். எத்தனை முறை உதைத்தாலும் பலனில்லை. அரை மணி நேரம் புளியமரத்து நிழலில் நிறுத்திவைத்தால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பி வீடு வந்து சேரும். மார்ச் நடுவில் தொடங்கி மே மாதக் கடைசி வரை என் புல்லட் என்னை இப்படித்தான் நடத்தியது. பழுது சிறியது, கண்டுபிடிக்க நான் நடந்த பாதை நீண்டது. பழைய வண்டி வைத்திருப்பவர் பலரும் இதே பாதையில் நடந்து, நல்ல பாகங்களைக் கழற்றி எறிந்துகொண்டிருக்கிறார்கள் என்பதால் முழுவதையும் எழுதிவைக்கிறேன்.

வண்டி என் பெரியப்பா 1983-இல் வாங்கிய புல்லட் 350. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்தில் பிறந்த வடிவம். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கிய பிறகு சென்னை திருவொற்றியூரில் உருவான இயந்திரம். வார்ப்பிரும்பு சிலிண்டர், 70 மில்லிமீட்டர் விட்டம், 90 மில்லிமீட்டர் ஓட்டம், 346 சிசி. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். மின்னமைப்பைப் பெரியப்பா பிற்பாடு 12 வோல்ட்டுக்கு மாற்றியிருக்கிறார். மற்றபடி பிளக்கில் பொறி உண்டாக்கும் இக்னிஷன் பழைய முறையே: மின்சாரத்தை விட்டுவிட்டு அறுக்கும் பாயிண்ட், அதற்கு இணையாகக் கண்டென்சர், மின்னழுத்தத்தை உயர்த்தும் காயில். எலெக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்தச் சொல்லிப் பலர் வற்புறுத்தினார்கள். நடுரோட்டில் திருப்புளியும் தாளும் வைத்துச் சரிசெய்ய முடிகிற அமைப்பை விட்டுவிட எனக்கு மனமில்லை.

இந்தக் கதைக்குத் தேவையான முன்கதை ஒன்று உண்டு. ஜனவரியில், வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே, "வயதாகிவிட்டதே" என்று பாயிண்டையும் கண்டென்சரையும் நானாகவே மாற்றினேன். இரண்டும் புதியவை. பாயிண்ட் இடைவெளியை 0.38 மில்லிமீட்டரில் வைத்தேன். குறிப்பேட்டிலும் எழுதிவைத்தேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மூன்று மாதம் மறந்திருந்தேன்.

முதல் மூன்று தோல்விகள்

முதல் முறை நின்றது ஜீயபுரம் தாண்டி. திருச்சியிலிருந்து கரூர் சாலையில் போவது என் ஞாயிற்றுக்கிழமை வழக்கம். ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் வயலும் வாழையும், கூடவே ரயில் பாதை. மார்ச் வெயில். வண்டி நின்றதும் பெட்ரோல்தான் காரணம் என்று நினைத்தேன். டேங்க் மூடியைத் திறந்தபோது "உஸ்" என்று காற்று உள்ளே இழுத்தது. மூடியில் உள்ள காற்றுத் துளை அடைபட்டிருந்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, கார்ப்பரேட்டருக்குப் பெட்ரோல் இறங்காது. காரணம் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்து, துளையை ஊசியால் குத்திச் சுத்தம் செய்தேன். கார்ப்பரேட்டர் கிண்ணத்தையும் கழற்றித் துடைத்தேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. முதல் உதையில் கிளம்பியது. சரிசெய்துவிட்டேன் என்று வீடு வந்தேன்.

இரண்டு வாரம் கழித்து, பெட்டவாய்த்தலை அருகே மீண்டும் அதே கதை. இந்த முறை மூடியில் உறிஞ்சும் சத்தம் இல்லை. எனவே பெட்ரோலை விட்டுவிட்டு ஸ்பார்க்கைப் பார்க்க முடிவு செய்தேன். பிளக் ஸ்பேனர் டூல் பாக்ஸின் அடியில் கிடந்தது. எல்லாவற்றையும் வெளியே எடுத்து, கொதிக்கும் பிளக்கைக் கழற்றக் கை பொறுக்காமல் காத்திருந்து, துணி சுற்றிக் கழற்றி, ஹெட்டில் வைத்து உதைத்தபோது நீல நிறத்தில் பளிச்சென்று ஸ்பார்க் வந்தது. ஆகவே இக்னிஷன் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டினேன். கைவசமிருந்த வேறு பிளக்கைப் போட்டேன்; கிளம்பியது. பழைய பிளக்தான் சூட்டில் கெட்டுப்போகிறது என்று எழுதிவைத்தேன்.

மூன்றாம் முறை ஏப்ரலில். பட்டறைக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் அண்ணன் அனுபவசாலி. கேட்டுவிட்டு, "தம்பி, இப்போது கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். சூட்டில் குழாயிலேயே ஆவியாகிவிடும்" என்றார். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல்தான். பழைய ரப்பர் குழாய்களுக்கு அது ஆகாது என்பதும் உண்மைதான். குழாயை மாற்றினோம். அவர் சொன்னபடி காயிலையும் மாற்றினோம், ஏனென்றால் காயில் சூட்டில் அறுந்து, ஆறியதும் சேர்வது பலரும் கண்ட பழுது. பழைய காயிலை வீட்டில் அளந்தபோது முதல் சுற்று மூன்று ஓம்ஸுக்குச் சற்று மேல் காட்டியது. அளவு சரி. ஆனால் ஆறிய காயிலைத்தானே அளந்தேன்.

அடுத்த ஞாயிறே வண்டி மறுபடி நின்றது.

இந்த இடத்தில் குறிப்பேட்டை எடுத்து முதலிலிருந்து படித்தேன். மூன்று தோல்விகளிலும் நான் செய்த வேலை வேறு வேறு: மூடி, பிளக், காயில். மூன்றிலும் வண்டி கிளம்பியிருக்கிறது. மூன்றுக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்றுதான்: ஒவ்வொரு வேலைக்கும் அரை மணியோ அதற்கு மேலோ ஆகியிருந்தது. குணமாக்கியது நான் செய்த வேலை அல்ல, வேலை செய்த நேரத்தில் ஆறிய எஞ்சின். நீல ஸ்பார்க்கைப் பார்த்தேனே, அதுவும் நோய் தீர்ந்த பிறகு பார்த்த நாடித் துடிப்பு. காய்ச்சல் இறங்கிய பின் மருத்துவரிடம் போனவன் நிலை எனக்கு. மூன்று முறையும் பழுது இருந்த நேரத்தில் பழுதைப் பார்க்கவே இல்லை.

பெரியப்பாவின் கேள்வி

பெரியப்பாவுக்குக் கண்பார்வை மங்கி வண்டி ஓட்டுவதை விட்டு ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் அந்த வண்டியின் ஒவ்வொரு சத்தமும் அவர் காதில் இருக்கிறது. தொலைபேசியில் சொன்னதும் அவர் கேட்டது இதுதான்: "நிற்கிற நேரத்தில் முள்ளைப் பார்த்தாயா?"

"எந்த முள் பெரியப்பா?"

"அம்மீட்டர் முள். தினமும் அதைப் பார்த்துத்தானே கிக்கரை உதைக்கிறாய்?"

புல்லட் ஓட்டாதவர்களுக்கு இதை விளக்க வேண்டும். முகப்பு விளக்குக் கூட்டின் மேல் சின்ன அம்மீட்டர் ஒன்று உண்டு. சாவி போட்டதும், பாயிண்ட் மூடியிருந்தால் காயில் வழியாக மின்சாரம் ஓடும். மூன்று, நான்கு ஆம்பியர் செலவாகிறது என்று முள் ஒரு பக்கம் சாயும். கிக்கரை மெல்ல அழுத்தும்போது பிஸ்டன் மேலேறி, பாயிண்ட் திறக்கும் கணத்தில் மின்சாரம் நின்று முள் நடுவுக்கு வரும். அந்த இடத்தில் நிறுத்தி, சிலிண்டரின் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரசரைப் பிடித்துப் பிஸ்டனைச் சற்றே தாண்டவிட்டு, பிறகு முழுமூச்சாக உதைக்க வேண்டும். வண்டி கிளப்பும் சடங்கு இது. சடங்காகவே செய்துவந்ததால், முள் சொல்வது பாயிண்டின் நிலையைத்தான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. நாற்பது ஆண்டுகளாகப் பழுது பார்க்கும் கருவி ஒன்று கண்முன்னே ஆடிக்கொண்டிருந்திருக்கிறது.

இப்போது சோதனை எளிது. வண்டி நின்ற உடனே, எதையும் கழற்றாமல், சாவியை அணைக்காமல், கிக்கரை மெல்ல அழுத்திச் சுற்ற வேண்டும். முள் சாய்ந்தும் நடுவுக்கு வந்தும் ஆடினால் பாயிண்ட் வரையில் எல்லாம் சரி. பெட்ரோலையோ, காயிலின் உயர் மின்னழுத்தப் பக்கத்தையோ பார்க்கலாம். முள் சாயவே இல்லை என்றால் மின்சாரமே வரவில்லை: சுவிட்ச், ஒயர், அறுந்த காயில், எரிந்த பாயிண்ட் முகம். முள் சாய்ந்தது சாய்ந்தபடியே நின்றால், பாயிண்ட் திறந்தும் மின்சாரம் நிற்கவில்லை, வேறு ஏதோ வழியாக எர்த்துக்குப் போகிறது என்று பொருள்.

சாலையோரத்தில் ஆறு நிமிடம்

மே மாதக் கடைசி ஞாயிறு. வேண்டுமென்றே காலை பதினொரு மணிக்குக் கிளம்பினேன். பையில் வைத்தவை: திருப்புளி, பழைய திருமண அழைப்பிதழ் ஒன்று, முதலை வாய் கிளிப் இரண்டு வைத்த ஒயர், பெரியப்பா கொடுத்தனுப்பிய மருந்து டப்பா. அந்த டப்பாவைப் பிறகு சொல்கிறேன்.

பெட்டவாய்த்தலையைத் தாண்டி, குளித்தலை போகும் வழியில் திக்கல் ஆரம்பித்தது. ஓரம் கட்டினேன். நின்றது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். கிக்கரை மெல்ல அழுத்தினேன். முள் சாய்ந்தது. இன்னும் அழுத்தினேன், அழுத்தம் ஏறிக் கால் கனத்தது, வழக்கமாக முள் நடுவுக்கு வரவேண்டிய இடம் அது. முள் அசையவில்லை. இரண்டாவது சுற்று, மூன்றாவது சுற்று, அசையவே இல்லை.

எனக்கு உடம்பு சிலிர்த்தது என்று எழுதினால் மிகை என்பீர்கள். மூன்று மாதம் ஒளிந்திருந்த ஒன்று முதன்முறையாக நேரில் நின்றது.

சிலிண்டருக்குப் பின்னால் இருக்கும் பாயிண்ட் மூடியைத் துணியால் பிடித்துக் கழற்றினேன். உள்ளிருந்து எண்ணெயும் சூடான பேக்கலைட்டும் கலந்த வாசனை அடித்தது. அழைப்பிதழின் ஓரத்தைக் கிழித்து பாயிண்ட் முகங்களுக்கு நடுவே செருகினேன். தடித்த தாள்; அதன் வழியாக மின்சாரம் போக வழியில்லை. முள் அப்போதும் சாய்ந்தே இருந்தது. ஆக, திருடன் பாயிண்ட் இல்லை. மீதி இரண்டு பேர்: உறை உரிந்து தட்டில் படும் ஒயர், அல்லது பாயிண்டுக்கு இணையாக மாட்டியிருக்கும் கண்டென்சர். ஒயர் நன்றாக இருந்தது. கண்டென்சர் ஒயரின் திருகைத் தளர்த்தி, ஒயரை மட்டும் விலக்கினேன்.

முள் நடுவுக்கு வந்து நின்றது. ஒயரை மறுபடி தொட்டுப் பார்த்தேன், சாய்ந்தது. எடுத்தேன்; நடு. வண்டி நின்று ஆறு நிமிடம்தான் ஆகியிருந்தது.

கண்டென்சர் அங்கே என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். பாயிண்ட் திறக்கும் கணத்தில் காயிலின் முதல் சுற்றில் ஓடிய மின்சாரம் சட்டென்று நிற்க மறுக்கும். திறக்கும் முகங்களுக்கு நடுவே பொறியாகத் தாவப் பார்க்கும். அந்த மின்சாரத்தை வாங்கிக்கொண்டு, பாயிண்டில் பொறி பறக்காமல் காப்பது கண்டென்சர். அதனால்தான் காயிலின் காந்தப்புலம் சடாரென்று சரிந்து பிளக்கில் ஸ்பார்க் உண்டாகிறது. அது திறந்த சுற்றாகக் கெட்டால் பாயிண்ட் கருகும், ஸ்பார்க் மெலியும், ஆனால் வண்டி நொண்டியாவது வரும். உள் காப்பு கெட்டு ஷார்ட் ஆனால், பாயிண்ட் எப்போதும் மூடியே இருப்பதற்குச் சமம். ஸ்பார்க் அறவே இல்லை. எனக்கு நேர்ந்தது இரண்டாவது, அதுவும் சூட்டில் மட்டும்.

இப்போது மருந்து டப்பா. அதற்குள் இருந்தது ஜனவரியில் நான் கழற்றிப் போட்ட பழைய கண்டென்சர். குப்பையில் போட்டிருந்தேன், பெரியப்பா எடுத்து, பஞ்சில் சுற்றி, "நன்றாக ஓடும்போது கழற்றியது" என்று ஒரு சீட்டும் எழுதி வைத்திருக்கிறார். கொதிக்கும் பாயிண்ட் கூட்டுக்குள் கைவிட்டு மாட்ட முடியாது. தேவையும் இல்லை, காயிலின் பாயிண்ட் பக்க முனைக்கும் எர்த்துக்கும் நடுவே எங்கே இருந்தாலும் அது வேலை செய்யும். சட்டத்தின் ஒரு போல்ட் தலையில் பெயிண்டைச் சுரண்டி, அதில் கண்டென்சரின் உடலை ஒரு ஒயரால் இறுக்கிக் கட்டினேன். அதன் முனையைக் கிளிப் ஒயரால் காயிலோடு சேர்த்தேன். இரண்டாவது உதை. எஞ்சின் சூடு துளியும் இறங்காத நிலையில் கிளம்பியது. முந்தைய மூன்று முறையும் கிடைக்காத சான்று அதுதான். குளித்தலை வரை போய், அங்கே டீ குடிக்கக்கூட எஞ்சினை அணைக்காமல் திரும்பி, வீடு வரை ஓட்டிவந்தேன்.

வாணலிச் சோதனை

வீட்டில் புதிய கண்டென்சரை மல்ட்டிமீட்டரில் அளந்தேன். ஆறிய நிலையில் 0.21 மைக்ரோஃபாரட், இந்த வகை இக்னிஷனுக்கு 0.2 சுற்றுவட்டாரம் சரியான அளவு. எந்தக் கடையில் சோதித்தாலும் நல்லது என்றுதான் சொல்லியிருப்பார்கள். பிறகு பழைய இரும்பு வாணலியில் ஆற்று மணலைச் சூடாக்கி, கண்டென்சரை முனை மட்டும் தெரியப் புதைத்து, ஓம்ஸ் அளவில் வைத்துப் பார்த்தேன். முதலில் அளவுக்கு அப்பால், அதாவது கசிவே இல்லை. சில நிமிடங்களில் லட்சங்களில் ஓர் எண் தோன்றியது, பிறகு ஆயிரங்கள், சிறிது நேரம் அங்கேயே தள்ளாடியது, திடீரென்று இரண்டு ஓம்ஸுக்கு விழுந்தது. அடுப்பை அணைத்துக் காத்திருந்தேன். இருபது நிமிடத்தில் மறுபடி அளவுக்கு அப்பால். சாலையில் நடந்தது அப்படியே வாணலியில் நடந்தது: முதலில் வரும் திக்கல், பிறகு மரணம், ஆறியதும் உயிர்.

பழைய கண்டென்சரையும் அதே மணலில் புதைத்தேன். கடைசி வரை ஒரு எண்ணும் தோன்றவில்லை.

"புதிதாக மாட்டியது கெட்டிருக்காது" என்று ஜனவரி மாத வேலையைச் சந்தேகப் பட்டியலிலேயே நான் சேர்க்கவில்லை. உண்மையில் அதைத்தான் முதலில் சேர்த்திருக்க வேண்டும். நன்றாக ஓடிய வண்டி கெட்டது என்றால், கடைசியாக யார் கை எங்கே பட்டது என்று பார்ப்பதைவிட நல்ல தொடக்கம் வேறில்லை. பழைய வண்டிகளுக்கு இன்று கிடைக்கும் பாகங்களில் பெட்டியைப் பார்த்துத் தரம் அறிய முடியாது. வார்ப்பிரும்பு எஞ்சின் உற்பத்தி நின்று பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. பல கைகளில் பல தரத்தில் செய்த பாகங்கள் ஒரே விலையில் ஒரே கண்ணாடிப் பெட்டியில் கிடக்கின்றன.

ஆனாலும் ஒரு கேள்வி மீதி இருந்தது

ஜனவரியில் மாட்டிய கண்டென்சர் மார்ச் நடுவில்தான் தகராறு செய்யத் தொடங்கியது. ஏறக்குறைய அறுநூறு கிலோமீட்டர் ஒழுங்காக ஓடியிருக்கிறது. வெயில் ஏறியது என்று விட்டுவிடலாம். மனம் ஒப்பவில்லை. சைலன்சர் பைப் ஹெட்டை விட்டு வெளிவரும் இடத்தில் நீலம் பாய்ந்திருந்ததை நான் கவனித்திருந்தேன்; பழையதாகிவிட்டதால் என்று நினைத்திருந்தேன்.

பாயிண்ட் இடைவெளியை அளந்தேன். 0.38-இல் வைத்தது 0.20-க்கு வந்திருந்தது. புதிய பாயிண்டின் நார்க்குதிகால், அதைத் தள்ளித் திறக்கும் கேமில் உரசி முதல் சில நூறு கிலோமீட்டரில் தேய்ந்து படியும். எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். கேமில் ஒரு பொட்டு கிரீஸ் வைக்க நான் மறந்ததால் தேய்மானம் கூடிவிட்டது. இடைவெளி குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும். அந்தக் கேம், பிஸ்டன் சுழற்றும் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால், அங்கே ஒரு பாகை பிசகினால் கிராங்கில் இரண்டு பாகை பிசகும். இக்னிஷன் டைமிங் பின்தங்கினால் எரிதல் தாமதமாகி, வெப்பம் பிஸ்டனைத் தள்ளுவதில் செலவாகாமல் எக்ஸாஸ்ட் பக்கம் போகும். எஞ்சின் வழக்கத்தைவிடச் சூடாகும். சூட்டில் கசியும் கண்டென்சர் அந்தச் சிலிண்டருக்குப் பின்னாலேயே குந்தியிருக்கிறது.

ஆக, ஒரே நாளில் ஒரே கையால் நான் விதைத்த இரண்டு வினைகள் ஒன்றையொன்று வளர்த்திருக்கின்றன. கண்டென்சரை மட்டும் மாற்றியிருந்தால் வண்டி நிற்காமல் ஓடியிருக்கும், ஆனால் சூடாகவே ஓடி, எக்ஸாஸ்ட் வால்வில் வேறு செலவு வைத்திருக்கும்.

செய்த வேலை: கேமைத் துடைத்து, உயர் வெப்பம் தாங்கும் கிரீஸ் ஒரு பொட்டு. இடைவெளி மறுபடி 0.38. வேகத்துக்கேற்ப டைமிங்கை முன்தள்ளும் ஆட்டோ அட்வான்ஸ் முழுதும் மூடிய நிலையில், பிஸ்டன் மேல்முனைக்கு 0.8 மில்லிமீட்டர் முன்பாகப் பாயிண்ட் திறக்கும்படி டைமிங். திறக்கும் கணத்தைச் சிகரெட் தாள் வைத்துப் பார்த்தேன். லேசாக இழுத்துப் பிடித்த தாள் நழுவும் கணம்தான் அது. அம்மீட்டர் முள்ளும் அதே கணத்தில் நடுவுக்கு வந்தது. கண்டென்சரைக் கூட்டுக்குள் வைக்கவில்லை. காயிலுக்குப் பக்கத்தில், காற்றுப்படும் இடத்தில், சுரண்டித் துடைத்த எர்த்தோடு நிரந்தரமாகப் பொருத்தினேன். புல்லட்காரர்கள் பலர் நெடுநாளாகச் செய்துவருவதுதான்.

செலவுக் கணக்கில் தேவையில்லாமல் வாங்கிய காயில், பிளக், குழாய், கூலி எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து முந்நூறு ரூபாய். குழாய் வீணில்லை. பழைய காயில் நன்றாகவே இருப்பதால் அதையும் பஞ்சில் சுற்றி வைத்துவிட்டேன். மெக்கானிக் அண்ணனிடம் வாணலியோடு போய்க் காட்டினேன். அவர் தன் அலமாரியிலிருந்து மூன்று புதிய கண்டென்சர்களை எடுத்து வந்து, "தம்பி, இதையும் போடுங்கள்" என்றார். மூன்றில் ஒன்று ஆயிரங்களுக்கு இறங்கியது. அதைத் தரையில் வைத்துச் சுத்தியலால் ஒரு போடு போட்டார், இனி யார் வண்டிக்கும் போய்விடக்கூடாது என்று.

ஜூன் முழுவதும் நடுப்பகல் வெயிலில் கரூர் வரை இரண்டு முறை, துறையூர் வரை ஒரு முறை போய் வந்தேன். ஒவ்வொரு முறையும் சூடு உச்சத்தில் இருக்கும்போது வேண்டுமென்றே அணைத்து, உடனே உதைத்துப் பார்த்தேன். எல்லா முறையும் மூன்று உதைக்குள் கிளம்பியது. ஐந்நூறு கிலோமீட்டர் கழித்துப் பாயிண்ட் இடைவெளி 0.37. பெரியப்பாவிடம் எண்ணைச் சொன்னேன். "அடுத்த ஐந்நூறிலும் அளந்து சொல்" என்றார்.